தூங்க மாட்டேன் என்கிற ஹார்ட் டிஸ்க்

அந்தோனியார் துணை

மடுல்சீமை,
செவ்வாய்க்கிழமை.

மதிப்பும் அன்பும் நிறைந்த மாப்பிள்ளை கிருபாகரன் அவர்களுக்கு, மாமா அந்தோனிப்பிள்ளை எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையில் நானும் அத்தை ஜெபமலரும் சுகம். கொழும்பில் நீங்களும் மகள் ஜெசிந்தினியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம். நீங்கள் கொடுத்துவிட்ட பழைய கம்ப்யூட்டர்தான் சுகமில்லை. போனில் சொன்னால் சிரிக்கிறீர்கள், அதனால் கடிதம்.

தேயிலைத் தோட்டத்துக் கோயில் ஞானஸ்நானப் புத்தகம் கூரை ஒழுகிக் கஞ்சியாகிப்போனது உங்களுக்குத் தெரியும். அதற்கு முன் நான் ஒற்றை விரலால் தட்டி ஏற்றிய நூற்று நாற்பத்திரண்டு பேர் அந்த ஹார்ட் டிஸ்கில் மட்டும்தான் இருக்கிறார்கள். பிறப்புப் பத்திரம் இல்லாதவர்களுக்கு அதுதான் சாட்சி. ஒரு துண்டுக் காகிதம் இல்லாமல் எங்கப்பா சாகும்வரை எந்த நாட்டுக்கும் ஆளில்லாமல் கிடந்தார். பென் டிரைவில் கொப்பி எடுக்கச் சொன்னீர்கள். எடுக்கும்போது நடுவழியில் யாராவது விழுந்துவிட்டால்?

"இருபது நிமிஷம் சும்மா விட்டா டிஸ்க் தானா தூங்கும் மாமா, தூங்குனாத்தான் ஆயுசு கூடும்" என்றீர்கள். பவர் செட்டிங்கில் இருபது என்று போட்டு ஒன்பது நாளாகிறது, கண் அசரவில்லை. வைரஸ் தடுக்கிற புரோகிராம் எழுப்புகிறதோ என்று அதை நிறுத்தினேன், இன்டர்நெட் எழுப்புகிறதோ என்று வயரைப் பிடுங்கினேன், பசறையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் லத்தீப் வந்து காது வைத்துக் கேட்டுவிட்டு "இப்படி ஓடுனா ரொம்ப நாள் தாங்காதுங்க ஐயா"ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிட்டாரு, அன்னையிலிருந்து எனக்குச் சோறு இறங்கலை மாப்பிள்ளை. ஒன்பது நாளும் ராப்பகலா கால் மணிக்கொரு தடவை ஓடிப்போய்ப் பைலைத் திறந்து, பேரையும் பிறந்த தேதியையும் கூப்பிட்டுப் பெரட்டு எடுக்கிறேன். முப்பத்திரண்டு வருஷம் தோட்டத்துல கணக்கப்பிள்ளையா விடியக்காலையில ஆள் கூப்பிட்ட வாயில்லையா? ஆளுக்கொரு டிக் போட்டு சேவ் பண்ணினாத்தான் நெஞ்சு ஆறுது. ஒரு ஆள் குறையலை. ஆனா இந்தச் சனியன் ஏன் தூங்க மாட்டேங்குதுன்னுதான் புரியலை.

ஒரு எட்டு வந்து பார்த்தால் புண்ணியம். உங்கள் இரண்டு பேருக்கும் அந்தோனியார் ஒரு குறையும் வைக்காமல் இருக்கட்டும்.

நடுக்கத்துடன்,
மாமா அந்தோனிப்பிள்ளை

பி.கு.: கடிதத்தை அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். "கால் மணிக்கொருக்கா நீங்க போய் எழுப்புனா அது எப்படிங்க தூங்கும்?" என்று மவுஸையும் கீபோர்டையும் பிடுங்கிக்கொண்டு குசினியில் அடுப்பு வேலைக்குப் போய்விட்டாள். இருபதாவது நிமிஷம் 'டக்' என்றது. தூங்கிருச்சு மாப்பிள்ளை. காது வச்சுப் பார்த்தேன், மூச்சுப் பேச்சில்லை. தூங்குதா, செத்துப்போச்சான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? பயத்தில் ஒரு நோட்டுக் கொப்பியை எடுத்து, ஞாபகத்தில் இருப்பவர்களையாவது காப்பாற்றுவோம் என்று எழுத உட்கார்ந்தேன். நூற்று நாற்பத்திரண்டு பேரும் தேதியோடு வந்து நின்றார்கள். ஆகவே கம்ப்யூட்டருக்காக நீங்கள் அவசரப்பட்டு வர வேண்டாம். "ஒன்பது நாளாத் தூங்காதது நீங்கதான்" என்கிறாள் அத்தை. எனக்குப் போட ஏதாவது செட்டிங் இருந்தால் எழுதவும்.