மாடுகளுக்குப் பெரட்டு எடுத்தவர்

கேமரன் மலையில் எங்கள் தேயிலைத் தோட்டத்தை நடத்த எத்தனையோ துரைமார் வந்து போனார்கள். வெள்ளைக்காரத் துரை, நம்ம ஊர்த் துரை, காலேஜ் படித்த துரை. அவர்களில் ஒரு நாள்கூடத் தவறாமல் பெரட்டு எடுத்தவர் ஒருவர்தான். மாட்டுத் துரை. அவருக்குக் கீழே வேலை செய்தவை ஆறு மாடுகள்.

தோட்டத்தில் இருந்தவர்களுக்குப் பெரட்டு தெரியும். காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திக் கணக்கு எழுதும் கிராணி பெயர் கூப்பிடுவார். கூப்பிட்டவன் 'ஐயா' என்பான். அதன் பிறகுதான் வேலை. நான் அப்போது தேயிலைக்கு மருந்தடித்துக்கொண்டிருந்தேன். எங்களுக்குப் பெரட்டு நடக்கும் அதே நேரம் நாங்கள் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் கொட்டகையில் இன்னொரு பெரட்டு நடக்கும். மாட்டுத் துரை தொங்கவிட்ட தண்டவாளத் துண்டைத் தட்டுவார். மாடுகள் வரிசையாக வந்து நிற்கும்.

"செவலை." செவலை காதை ஆட்டும். "மயிலை." மயிலை ஆட்டும். கருப்பாயி, வெள்ளச்சி, சின்னப்பொண்ணு என்று போகும். கடைசி மந்திரி. அது காளை. எப்போதும் தாமதமாகத்தான் வரும். அது வரும்வரை மற்ற ஐந்தும் நிற்கும். எல்லாம் முடிந்ததும், "மாட்டுத் துரை" என்று தன்னையே கூப்பிடுவார். "ஐயா" என்று தானே பதில் சொல்வார். அப்புறம்தான் கறவை.

காக்கி அரைக்கால் சட்டை. எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரன் பங்களாவில் விட்டுப் போன தொப்பி. முழங்கால்வரை காலுறை. அதில் ஒன்று காக்கி. இன்னொன்று பந்து விளையாடுகிறவன் போடுகிற சிவப்பு. கேட்டால், "ரெண்டு காலையும் யாருடா ஒரே நேரத்துல பாக்குறான்?" என்பார்.

மாடு வராவிட்டாலும் அவர் ஆப்சென் போட மாட்டார், அது சம்பளம் பிடிக்கிற குறி. லீவு போடுவார். ஒரு நாள் கேட்டேன்.

"ஏன்ணே, கருப்பாயி ஊர் சுத்தப் போயிருக்கு. அதுக்குப் போய் லீவா?"

"எங்கப்பா காய்ச்சல்ல கெடந்த அன்னிக்கு ஆப்சென் போட்டாங்க தம்பி. மனுசன் மறுநாளு காய்ச்சலோட எந்திரிச்சுப் போனாரு. என் பெரட்டுல ஆப்சென் கெடையாது."

அதே கருப்பாயிக்குக் குளம்பில் புண் வந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரி வாசல்வரை நடத்திக்கொண்டு போய்விட்டார். மருந்து கட்டும் டிரஸ்ஸர் வெளியே வந்து பார்த்தார்.

"கருப்பாயிக்கு லீவு போட எம்சி சீட்டு வேணும், டிரஸ்ஸர் ஐயா."

"மாட்டுக்கு நான் எம்சி எழுத முடியாதுங்க."

"எழுத வேணாங்க. வாயால சொல்லுங்க. அவளுக்குப் புரியும்."

டிரஸ்ஸர் சொன்னார். மருந்தும் போட்டார். வேறு என்ன செய்வார்.

பங்களாதேசில் இருந்து ஆட்கள் வர ஆரம்பித்த சமயம். புதிதாக வந்த ஒருவன் தொப்பியைப் பார்த்து, இவர்தான் மானேஜர் என்று நினைத்து மாடுகளுக்குப் பின்னால் வரிசையில் நின்றுவிட்டான். மாட்டுத் துரை அவனை விரட்டவில்லை. பெயர் கேட்டார், பெயர் கூப்பிட்டார், அரிவாளைக் கொடுத்துப் புல்லறுக்க அனுப்பினார். மத்தியானம் கங்காணி ஆளைக் காணவில்லை என்று தேடிக்கொண்டு வந்தார்.

"எப்படி இருக்கான் ஆளு?" என்று கங்காணி கேட்டார்.

"நல்ல ஆளு. கொம்பு ஒண்ணுதான் இல்ல."

மலைக்கு வரும் டூரிஸ்ட் யாராவது இந்தத் தோட்டத்துக்கு என்ன வயது என்று கேட்டால் போதும். மாட்டுத் துரை வருஷம் சொல்ல மாட்டார். மாடு சொல்வார்.

"செவலையோட பாட்டிக்குப் பாட்டி அடிவாரத்துத் தாப்பாவுல இருந்து நடந்தே மேல வந்தா. எங்க தாத்தா ஓட்டிக்கிட்டு வந்தாரு. அப்ப ரோடு பாதிதான். எல்லாரும் தேயிலதான் இந்த மலைய உண்டாக்குச்சுன்னு சொல்றாங்க. பால் இல்லாத தேத்தண்ணியக் குடிச்சிட்டு எந்த வெள்ளைக்காரன் இங்க இருந்திருப்பான்?"

ஜப்பான்காரன் வந்தபோது அவருடைய அப்பா மாடுகளைக் காட்டுக்குள் ஓட்டிப் போனாராம். காட்டிலேயே வாழும் அஸ்லிக்காரர்கள் தண்ணீர் இருக்கும் இடத்தைக் காட்டினார்களாம். "போனது நாலு. திரும்பி வந்தது அஞ்சு. ஜப்பான்காரன் காலத்துல ஆள் கூடுன குடும்பம் எங்களோடது ஒண்ணுதான்." அதைச் சொல்லும்போது தொப்பியைச் சரிசெய்துகொள்வார்.

பிறகு கம்யூனிஸ்ட் காலம். காட்டில் ஒளிந்திருந்தவர்களுக்குச் சோறு போகக்கூடாது என்று லயத்தைச் சுற்றி வேலி போட்டார்கள். மனிதனும் உள்ளே, மாடும் உள்ளே. பிறகு அணை கட்டினார்கள். பிறகு மலையைச் சுரண்டிக் காய்கறித் தோட்டம் போட்டார்கள். ஒரு காலத்தில் சரிவு முழுக்க அவர்கள் மாடுதான் என்று என் அப்பாவும் சொல்லியிருக்கிறார். புல் இருந்த இடத்தில் எல்லாம் பிளாஸ்டிக் கூரை வந்தது. மாடு குறைந்துகொண்டே வந்து ஆறில் நின்றது.

அந்த ஆறுக்கும்தான் ஆபத்து வந்தது.

புதிதாக ஒரு துரை வந்தார். நம்ம ஆள்தான், டவுனில் படித்தவர். தேயிலை பார்க்க வரும் ஆட்களுக்குக் கார் நிறுத்த இடம் வேண்டும். கொட்டகை இருக்கும் இடம்தான் சமமான இடம். பொங்கல் முடிந்ததும் மாடுகளை அப்புறப்படுத்த வேண்டும் என்றார். மாட்டுத் துரையின் மகன் தோட்டத்து லோரி டிரைவர். மாடு போகாவிட்டால் மகனுக்கு வேலை போகும். வேலை போனால் லயத்து வீடும் போகும். அந்த இடத்தைத் தாத்தாவுக்குக் கொடுத்த வெள்ளைக்காரன் வாயால்தான் கொடுத்திருந்தான். அவன் வாயும் இப்போது இல்லை.

செய்தி கீழே போனது. அறுப்புக்கு மாடு வாங்கும் ஆள் லோரியோடு வந்து கொட்டகையைச் சுற்றிப் பார்த்தான். மந்திரியின் தொடையைத் தட்டினான். மாட்டுத் துரை தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அவர் தலையை அன்றுதான் முதலில் பார்த்தேன். வழுக்கை.

நான் அதற்கு முன்பே வேலையை விட்டுக் கீழே லெம்பா பெர்த்தாமில் கொஞ்சம் நிலம் எடுத்திருந்தேன். சேறு வந்து மூடிய நிலம். சாணி போட்டால்தான் ஏதாவது முளைக்கும். பக்கத்துத் தோட்டத்து முதலாளியான சீனத் தவுக்கேயிடம் பேசினேன். நான் இரண்டு மாடு, அவர் நான்கு வாங்குவது என்று முடிவானது. ஓட்டிக்கொண்டு வந்துவிட்டோம். அறுப்பு லோரி வெறுமையாகத் திரும்பிப் போனது.

ஆனால் மாடு பால் கொடுக்கவில்லை. கொடுத்ததும் ஒரு டம்ளருக்குத் தேறாது. புல்லையும் முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். காளைக்குப் பால் இல்லை, அதனால் அது முட்டியது.

"இந்த மாடு மெராஜோக்லா," என்றார் தவுக்கே. கோபித்துக்கொண்டது என்கிறார்.

மேலே போய்ப் பார்த்தேன். மாட்டுத் துரையும் அதே நிலைமையில்தான் இருந்தார். வெறுங்காலோடு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். மருமகள் வைத்த சோறு அப்படியே இருந்தது.

"வந்து ஒரு தடவ பாருங்கண்ணே."

"மாடு இல்லாதவன் என்னத்துக்குடா துரை?"

திரும்பி வந்தேன். தவுக்கே யோசித்தார். கட்டிப்போட்டால் பால் இல்லை, அவிழ்த்து விட்டால் வருமா பார்ப்போம் என்றார். ஆறையும் அவிழ்த்து விட்டார். பால் வரவில்லை. மாடு போய்விட்டது.

மறுநாள்தான் மேலே கார் நிறுத்தும் இடத்துக்குத் திறப்பு விழா. நாங்கள் தேடிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது பந்தல் போட்டிருந்தார்கள். பெரிய இடத்து ஆட்கள் கார்களில் வந்து இறங்க இடமில்லாமல் நின்றார்கள். கொட்டகை இருந்த இடத்தில் புதிதாகத் தார் போட்டு மஞ்சள் கோடு கிழித்திருந்தது. கோட்டுக்கு ஒன்றாக ஐந்து மாடு வரிசையாக நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மந்திரி வந்தது. முக்கிய விருந்தாளிக்கு என்று கயிறு கட்டி வைத்திருந்த இடத்தில் போய் நின்றது.

மாட்டுத் துரையைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். இடுப்பில் வெறும் சாரத்தோடு வந்தார்.

"பெரியவரே, இதுங்கள யாரு இங்க கூப்பிட்டது?" என்றார் துரை.

"யாரும் கூப்பிடல துரை. வேல நேரம்."

"வேலதான் நிறுத்தியாச்சே."

"எனக்குத்தான் சொன்னீங்க. அதுங்ககிட்ட யாரும் சொல்லல."

"சரி, இப்ப போகச் சொல்லுங்க."

"பேரு கூப்பிடாமப் போகாதுங்க. பேரு கூப்பிடத் தொப்பி வேணும்."

தொப்பி எடுத்துவர ஜீப் போனது. காலுறையும் வந்தது. அவர் ரோட்டோரத்தில் உட்கார்ந்து, அவசரமில்லாமல், காக்கியை ஒரு காலிலும் சிவப்பை ஒரு காலிலும் போட்டார். எழுந்து நின்று கூப்பிட்டார். ஒவ்வொன்றாகக் காதை ஆட்டியது. கடைசியில் தன் பெயரைக் கூப்பிட்டு 'ஐயா' என்றார். வந்தவர்கள் போனில் படம் எடுத்தார்கள். கை தட்டினார்கள்.

புதுத் துரை கெட்ட ஆள் இல்லை. கை தட்டலைப் பார்த்ததும் அவருக்கு ஒரு யோசனை வந்தது.

"பெரியவரே, ஞாயித்துக்கெழம மட்டும் மாட்ட இங்க கொண்டுவந்து இதே மாதிரி செய்றீங்களா? டூரிஸ்ட் நெறைய வருவாங்க."

"ஞாயித்துக்கெழம அதுங்களுக்கு லீவு துரை."

துரை சிரித்துவிட்டார். "அப்ப என்னதான் வேணும் உங்களுக்கு?"

"லோரி."

மகன் ஓட்டும் லோரி எப்படியும் காலையில் கீழே இறங்கும். தன்னையும் ஏற்றிக்கொண்டு கொஞ்சம் முன்னால் இறங்கட்டும், அவ்வளவுதான் கேட்டார். தண்டவாளத் துண்டையும் கேட்டார். இரண்டும் கிடைத்தன. அன்றைக்கு மாடுகளுக்கு முன்னால் அவரே நடந்து லெம்பா பெர்த்தாம் வந்தார். ஒன்றும் பின்வாங்கவில்லை.

அதற்குப் பிறகு தினமும் லோரியில் துரை மாதிரி முன்சீட்டில் வந்து இறங்குவார். என் வேலியோரத்தில் தண்டவாளம் தொங்கியது. பெரட்டு எடுப்பார். என்னையும் தவுக்கேயையும் வரிசையில் நிற்கச் சொல்வார். நாங்கள் நிற்போம். பால் வந்தது. பீன்ஸும் நன்றாக வந்தது.

போன மழைக்காலத்தில் ஒரு காலை லோரி வரவில்லை. மகன் போன் போட்டான். "சித்தப்பா, அப்பா எந்திரிக்கல," என்றான்.

காரியம் முடிந்து தொப்பியை என்னிடம் கொடுத்தார்கள். நான் போடவில்லை. வேலிக் கம்பத்தில் மாட்டினேன்.

"இனி நீதான் கூப்பிடுலா," என்றார் தவுக்கே.

தட்டினேன். ஆறு பெயரையும் கூப்பிட்டேன். மந்திரியும் வந்து சேர்ந்தது. காது ஆடியது. ஆனால் ஒன்றும் கறவைக்கு நகரவில்லை. தவுக்கே என்னைப் பார்த்தார். "இன்னும் ஒரு பேரு இருக்குலா," என்றார்.

"மாட்டுத் துரை," என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. மாடுகள் நின்றன.

"லீவு," என்றேன்.

செவலை முதலில் நகர்ந்தது. மற்றவை பின்னால் போயின. தினமும் அப்படித்தான். இன்று காலையும் அவருக்கு லீவுதான் கொடுத்தேன்.