எலுமிச்சை நசுங்காத சைக்கிள்

அரவேணு,
புதன்கிழமை, விடாத மழை.

காரமடை கறிவேப்பிலைத் தோட்டத்து உயர்திரு சம்பந்தி பாண்டியராஜ் அவர்களுக்கு, அரவேணு ஹார்டுவேர் கடை லிங்கசாமி தலை தாழ்த்தி வணக்கம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் மனைவி தங்கமணியும் மகள் ஷண்முகப்ரியாவும் உடம்பளவில் சுகம். அங்கு தாங்களும் சம்பந்தியம்மாள் சாந்தாமணி அவர்களும் சுகமாக இருக்க மாரியம்மனை வேண்டிக்கொள்கிறோம். மாப்பிள்ளை சந்துருவும் சுகமாக இருக்க என்று எழுத வந்த பேனா, அவருடைய தோள்பட்டை எலும்பை நினைத்து நின்றுவிட்டது. அந்த எலும்பைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரி வாசலில் மாப்பிள்ளையைக் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பும்போது தாங்கள் என்னிடம் பேசியது ஒரே பேச்சு. "எதுவா இருந்தாலும் எழுத்துல குடுங்க. வெள்ளிக்கெழம பெரியவங்க கூடறாங்க, பேசி முடிவு பண்ணிக்கறோம்." அதற்கப்புறம் தாங்கள் என் போனை எடுக்கவில்லை. எடுக்காததில் எனக்கு வருத்தமே இல்லை, நான் அடித்த அடிக்கு வேறு ஒருவராக இருந்தால் போனைத் தூக்கிக் கிணற்றில் போட்டிருப்பார். மாப்பிள்ளையின் போனோ இன்னும் தேயிலைச் செடிகளுக்குள் எங்கேயோ கிடக்கிறது. மணியோசை கேட்டால் எடுத்துவிடலாம் என்று அதற்கும் அடித்துப் பார்த்துக்கொண்டு தோட்டத்துக்குள் நடந்தேன், அட்டை கடித்ததுதான் மிச்சம். ஆவணியில் குறித்த முகூர்த்தம் நடக்குமா, நின்றுபோகுமா என்பது வெள்ளிக்கிழமை பெரியவர்கள் வாயில் இருக்கிறது. அவர்கள் வாயைத் திறப்பதற்கு முன்னால் இதை ஒருமுறை சத்தமாக வாசித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் அந்தச் சைக்கிள். கடையில் வாங்கியது என்று தாங்கள் நினைத்திருப்பீர்கள். இல்லை, என் கடைக்குப் பின்னால் பெயிண்ட் டப்பா அடுக்குகிற கொட்டகையில் என் மகளே செய்தது. கோவை பம்ப் கம்பெனிக்கு வீட்டிலிருந்தபடியே படம் வரைந்து கொடுக்கிறாள் அல்லவா, அந்த வேலை முடிந்ததும் கொட்டகைக்குள் போய்விடுவாள். பார்சலில் எஃகுக் குழாய்கள் வந்து இறங்கின. காலமெல்லாம் பைப் விற்றுப் பிழைத்தவன் நான், ஒரு பைப்பை அவ்வளவு செல்லமாக யாரும் தொட்டுப் பார்த்ததில்லை. ஒரு குழாயின் முனையை அரத்தால் பிறைபோல் ராவி, இன்னொரு குழாயின் மேல் உட்கார வைத்து, பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பார்ப்பாள். ஒரு கோடு வெளிச்சம் தெரிந்தால் மறுபடியும் ராவல். "ஏம்மா, பித்தளைய உருக்கி ஊத்துனா அந்தச் சந்து மூடிக்காதா?" என்று கேட்டேன். "மூடிக்குமுங்கப்பா. பாறை மேல இருந்து குதிக்கறப்ப தொறந்துக்கும்" என்றாள். குதிக்கிற சங்கதி அன்றுதான் முதல்முதலாக என் காதில் விழுந்தது, விழாததுபோல் வந்துவிட்டேன். லேசாக அலுமினியத்திலேயே கிடைக்கிறதே, இது எதற்கு என்று தங்கமணி ஒருநாள் கேட்டதற்கு, "காட்டுப் பாதையில குலுக்கறப்ப எஃகு கொஞ்சம் வளஞ்சு குடுக்குமுங்கம்மா, அப்புறம் பழையபடி நிமிந்துக்கும்" என்றாள். தங்கமணி என்னைத் திரும்பிப் பார்த்து, "வளையறது உங்கப்பனாட்டவேதான், நிமிர்றதுதான் புதுசு" என்றாள்.

நானும் என் பங்குக்கு உதவி செய்தேன். எந்த இரும்பைக் கண்டாலும் துருப்பிடிப்பதற்குள் சிவப்பு பிரைமர் அடித்துவிடுவது என் கைப்பழக்கம். எங்கள் மழைக்கு அதைச் செய்யாவிட்டால் இரும்பு கேட்டும் மிஞ்சாது, கிரில்லும் மிஞ்சாது. மகள் ஆபீஸ் வேலையாகக் கோவை போயிருந்த அன்றைக்கு, பற்றவைத்து முடித்த சைக்கிள் சட்டம் கொட்டகையில் வெற்றுடம்போடு தொங்கிக்கொண்டிருந்தது. பார்க்கப் பொறுக்கவில்லை, பிரஷ்ஷை எடுத்து உள்ளும் புறமும் குறைவில்லாமல் அடித்துவிட்டேன். பெடல் அச்சைத் திருகி ஏற்றுகிற மரை என்று உள்ளே ஒன்று இருப்பதும், அதில் தலைமுடி அளவு பிசிறு இருந்தாலும் அச்சு ஏறாது என்பதும் அவள் வந்து சட்டத்தைத் திருப்பி அந்தத் துளையை எனக்குக் காட்டியபோதுதான் தெரிந்தது. பழைய பல் பிரஷ்ஷும் பிளேடும் வைத்துக்கொண்டு உட்கார்ந்து சுரண்டினாள். கத்தவில்லை. "என்னய ஒரு வார்த்த கேட்டிருக்கலாமுங்கப்பா" என்று மட்டும் சொன்னாள். சரி என்றேன். அந்தச் சரியை நான் எவ்வளவு சீக்கிரம் மறந்தேன் என்பது தங்களுக்கே தெரியும், ஏனென்றால் மறந்ததே தங்கள் முன்னால், எங்கள் வீட்டுக் கூடத்தில்தான்.

நிச்சயதார்த்தத்தன்று தாம்பூலத் தட்டு மாற்றிக்கொண்டிருக்கும்போது சம்பந்தியம்மாள், "ஏனுங்க, பொண்ணு காட்டுக்குள்ள சைக்கிள் ஓட்டுதுன்னு சொல்றாங்களே, நெசமுங்களா?" என்று கேட்டார்கள். கேட்டது என்னவோ சாதாரணமாகத்தான். எனக்கு அதற்குள் வேர்த்துவிட்டது. "அதெல்லாம் கல்யாணத்தோட நின்னு போயிருமுங்க, நான் பொறுப்பு" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். ப்ரியா அப்போது உள்ளறையில் சேலை மாற்றிக்கொண்டிருந்தாள். அவளிடம் இதை நான் சொல்லவில்லை. நல்ல நேரம் பார்த்துச் சொல்லலாம் என்று இருந்தேன், பஞ்சாங்கத்தில் அப்படி ஒரு நேரம் வரவே இல்லை.

இனி ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். சைக்கிள் முடிந்துவிட்டது, பார்க்க வாருங்கள் என்று ப்ரியா கூப்பிட, மாப்பிள்ளை மலையேறி வந்தார். புது வண்டியைப் பூஜை போடாமல் எடுக்கக் கூடாது என்று நான்தான் சொன்னேன், சந்தனம் குங்குமம் எல்லாம் வைத்தாயிற்று. சைக்கிளுக்குச் சின்ன மாலை போதும் என்றார் பூக்காரர். மாப்பிள்ளை முன்னால் கைச்சுருக்கம் தெரியக் கூடாது என்று லாரிக்குக் கட்டுகிற செண்டுமல்லி மாலையாகவே கேட்டு வாங்கி வந்து, ஹேண்டில்பாரில் சுற்றி, மீதியை அழகாக முன்னால் தொங்கவிட்டேன். "சக்கரத்துல மாட்டுமுங்கப்பா" என்றாள் மகள். பூஜை முடிந்ததும் எடுத்துவிடலாம் என்றேன். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து வண்டியை உருட்டினோம். சம்பந்தி, அந்த டயர் கை தடிமன், காற்றும் பாதிதான் அடிப்பார்களாம், பாறையைக் கவ்விப் பிடிக்க வேண்டுமாம். அது எலுமிச்சையின் மேல் ஏறிப் பதமாக அணைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டது. பழம் நசுங்கவில்லை, கீறல்கூட இல்லை. "ஏனுங்க, பழம் நசுங்குலீங்க" என்று தங்கமணி என் காதோடு சொன்னாள். பேசாமல் இரு என்றேன்.

மகள் ஹெல்மெட் எடுத்துவர வீட்டுக்குள் போன நேரத்தில் மாப்பிள்ளை, "ஒரே ஒரு ரவுண்டுங்க மாமா, வேலி வரைக்கும்" என்றார். "தாராளமா ஓட்டுங்க மாப்பிள்ள, இது உங்க ஊட்டு வண்டி" என்று நானே பின்னாலிருந்து ஒரு கை தள்ளியும் விட்டேன். எங்கள் கொட்டகையின் பின்கதவைத் தாண்டினால் தேயிலை, அதற்கு நடுவே ஒற்றையடிப் பாதை கீழே கொழுந்து நிறுக்கிற இடம் வரைக்கும் இறங்குகிறது. காரமடையில் மிதித்தால்தான் சைக்கிள் போகும்; இங்கே மிதிக்காமலே போகும் என்பதை யாராவது அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். வேலியைத் தாண்டும்வரை அவர் எனக்குக் கையாட்டிக்கொண்டுதான் போனார். அப்புறம் மாலையின் வால் முன்சக்கரத்துக்குள் புகுந்தது, சக்கரம் நின்றது, மாப்பிள்ளை நிற்கவில்லை.

சீசன் என்பதால் ஞாயிறும் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை செடிகளுக்கு மேலே புரண்டு சாக்குமூட்டைகளுக்கு நடுவில் போய்ச் சேர்ந்தார், அறுந்த மாலையும் கூடவே போய் அவர் தோளில் விழுந்தது. இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்த குடும்பத்துச் சின்னம்மை என்ற அம்மாள் அங்கே கொழுந்து கொட்டிக்கொண்டிருந்தார்; அவர் "ஐயோ, யாரு பெத்த புள்ளயோ, மாலையும் கழுத்துமா வந்து விழுந்திருக்கே!" என்று போட்ட சத்தம் எனக்கு மேலே கேட்டது. நான் வழுக்கிக்கொண்டே போய்ச் சேர்வதற்குள் மாப்பிள்ளையைக் கொழுந்துச் சாக்கில் கிடத்தி நாலு பேர் தூக்கிவிட்டார்கள். சாக்கைத் தூக்கினால் அவர்களுக்குக் கால் தானாகத் தராசுப் பக்கம் போகிறது, அங்கேயே வைத்தும்விட்டார்கள். ப்ரியா ஓடிவந்து அதட்டிய பிறகுதான் கொழுந்து லாரியில் ஏற்றினார்கள். லாரியில் வலி பொறுக்காமல் முனகிக்கொண்டிருந்த மாப்பிள்ளை கண்ணைத் திறந்து முதலில் கேட்டது இது: "சைக்கிளுக்கு ஒண்ணும் ஆகலையே?" ப்ரியா, "ஃபிரேமுக்கு ஒண்ணும் ஆகல. மாலைதான் போச்சு" என்றாள். அந்த வலியிலும் அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள், கண்ணில் தண்ணீரும் வந்துகொண்டிருந்தது. இதைப் பெரியவர்களிடம் கட்டாயம் வாசியுங்கள்.

ஆஸ்பத்திரியில் சம்பந்தியம்மாள் அழுதுகொண்டே, "கல்யாணத்தோட சைக்கிள விட்டுருவான்னு அன்னிக்கே சொன்னீங்களே, இப்பவே விட்டுருந்தா என்னங்க?" என்று கேட்டார்கள். பக்கத்தில் ப்ரியா நின்றிருந்தாள். என்னைப் பார்த்தாள். அன்றிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை, சாப்பாடு மட்டும் வைக்கிறாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் சைக்கிள் சங்கிலியில் சிக்கியிருந்த செண்டுமல்லி இதழை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து வைத்தாள், அதைப் பார்த்துக்கொண்டு நிற்க எனக்கு என்னவோபோல் இருந்தது. ஆனாலும் பெண்ணைப் பெற்றவன் வாக்குத் தவறக் கூடாது. ஆகையால் சைக்கிளைக் கொட்டகை விட்டத்தில் கட்டித் தொங்கவிட்டுப் பெரிய பூட்டாகப் போட்டுவிட்டேன், கடையில் இருப்பதிலேயே நல்ல பூட்டு. சாவி என் இடுப்பில் இருக்கிறது. என் உயிர் உள்ளவரை அது கீழே இறங்காது, என் மகள் அதில் ஏற மாட்டாள் என்று இதன் மூலம் எழுத்தில் உறுதி கூறுகிறேன். முகூர்த்தத்தை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

தங்கள் வீட்டுப் பெரியவர்கள் அனைவருக்கும் எங்கள் நமஸ்காரமும் குழந்தைகளுக்கு எங்கள் முத்தமும். மாப்பிள்ளையின் எலும்பு சீக்கிரம் கூடட்டும், அதோடு நம் இரண்டு குடும்பமும் கூடட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பை இன்னும் நம்பியிருக்கும்
லிங்கசாமி

பின்குறிப்பு. வியாழன் காலை. ராத்திரி பெய்த மழையில் குஞ்சப்பனைக்கு மேலே மண் சரிந்து ரோடு அடைத்துக்கொண்டது. பஸ் இல்லை, தபால் வண்டி இல்லை, கூரியர்காரர் போனிலேயே கும்பிடு போட்டுவிட்டார். குன்னூர் வழியும் மரம் விழுந்து நிற்கிறது. நாளைக்கு வெள்ளிக்கிழமை. கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குள் நடந்துகொண்டிருந்தேன். ப்ரியா வந்து, "குடுங்கப்பா, நான் கொண்டுபோறேன். சரிஞ்ச எடத்துக்கு மேல எஸ்டேட் பாதை இருக்குது, சுத்தி எறங்கிருவேன்" என்றாள். எதில் போவாய் என்று கேட்டேன். அண்ணாந்து விட்டத்தைப் பார்த்தாள். "நீ அதுல ஏற மாட்டேன்னு எழுதியிருக்கேம்மா" என்றேன். "அதக் கொண்டுபோய்க் குடுக்கறதுக்கும் அதுதானுங்கப்பா வேணும்" என்றாள்.

என்ன செய்யட்டும் சொல்லுங்கள். இடுப்பிலிருந்த சாவியைத் தடவிப் பார்த்தேன். அப்புறம் கேட்டுவிட்டேன், இந்த முறை கேட்டேன்: "நான் என்னம்மா எழுதட்டும்?" அவள் யோசிக்கவே இல்லை. "எனக்கு அவரப் புடிச்சிருக்குதுங்கப்பா. சைக்கிளும் புடிச்சிருக்குது. ரெண்டையும் எழுதுங்க" என்றாள். எழுதிவிட்டேன். மேலே விட்டம், பூட்டு, உயிர் உள்ளவரை என்று வருகிற பகுதியை மட்டும் விட்டுவிட்டு மற்றதை வாசியுங்கள். நிச்சயத்தன்று நான் கொடுத்த வாக்கையும் திருப்பி வாங்கிக்கொள்கிறேன், அது என் சைக்கிள் இல்லை.

சாவியை நானே எடுத்துக் கொடுத்தேன். கயிற்றை அவிழ்க்கத் தங்கமணி முக்காலி பிடித்தாள். மாலை போடவில்லை. எலுமிச்சை மட்டும் வைத்தோம், இப்போதும் நசுங்கவில்லை, நசுங்காமல் இருந்தால்தான் டயர் நல்ல டயர் என்று எல்லோருமாகச் சேர்ந்து முடிவு செய்துகொண்டோம். சம்பந்தி வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாது என்று தங்கமணி அவள் முதுகுப் பையில் வர்க்கி பிஸ்கட் வைத்துக் கட்டியிருக்கிறாள், பாதி பொடியாகித்தான் வரும், மன்னிக்கவும். சின்னம்மை தேடி எடுத்துக் கொடுத்த மாப்பிள்ளையின் போனும் அதில் இருக்கிறது. கல்யாணத்துக்கு முன்னால் பெண் மாப்பிள்ளை வீட்டுப் படி ஏறுவது முறையில்லை என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். ஆகவே படி ஏறாமல் வாசலோடு நில்லு, அவர்களாகக் கூப்பிட்டால் போ என்று சொல்லி அனுப்புகிறேன்.

தலையிலிருந்து கால்வரை சேறாக, ஹெல்மெட்டோடு இந்தக் கடிதத்தை உங்கள் கையில் கொடுத்தாளே ஒரு பெண், அவள்தான் உங்கள் மருமகள். படித்து முடித்துவிட்டீர்கள் என்றால் உள்ளே கூப்பிடுங்கள் சம்பந்தி, மழையில் நிற்கிறாள்.