ஆம்புரோஸ் தின்ற முட்டைகள்

சேசு மரி சூசை துணை

சிலிபின், ஈப்போ, 1927

அன்புள்ள தம்பி சூசைநாதனுக்கு அக்காள் அகதா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இவ்விடம் நான் சுகம். உன் மகன் ஆம்புரோஸ் சுகமில்லை. அவ்விடம் தோட்டத்தில் நீயும் உன் கணக்கெழுதும் கிராணி உத்தியோகமும் சுகமென்று நம்புகிறேன்.

அக்காள் வீட்டில் பையன் ஒழுங்காக இருப்பான் என்று அனுப்பினாய். அவன் சீமையிலிருந்து தபாலில் ஒரு தேகப்பயிற்சிப் புத்தகம் வரவழைத்தான். அட்டையில் ஒரு வெள்ளைக்காரன் கோவணத்தோடு நின்று தன் புஜத்தைத் தானே முறைத்துக்கொண்டிருக்கிறான். நிச்சயித்த பெண் இசபெல்லாவுக்கு மாலை போடும் நாளுக்குள் இவனும் அப்படி ஆகவேண்டுமாம். அதற்காகக் காலையில் அரை டஜன் பச்சை முட்டை, மத்தியானம் ஆட்டுக்கறி, சாயங்காலம் ஈரல், வெள்ளிக்கிழமை கறி கூடாதென்றால் தட்டு நிறைய மீன், அதன்மேல் ஆமை முட்டை. சோறு மட்டும் ஆகாதாம். முட்டைக்காரி செல்லாயி வாசலில் நின்று, "ஏம்மா, உங்க வீட்ல அடைகாக்குறது கோழியா, அந்தத் தம்பியா?" என்று கேட்கிறாள். கண்டித்தால், "தாப்பா அத்தே, பரவாயில்ல, ஒடம்புக்குத்தானே" என்று அடுத்த முட்டையை உடைக்கிறான். நான் காலை மாலை ஒரு கோப்பை டப்பா மாட்டிறைச்சிச் சாறு கரைத்துக் குடிப்பதைச் சுட்டிக்காட்டவும் அவனுக்கு வாய் வந்துவிட்டது. அது வேறு. அது கன்னியாஸ்திரீகள் எனக்குப் பழக்கிய மருந்து.

பிறகு கக்கூஸ் வாளியில் நுரை கண்டது, சவுக்காரத் தண்ணீர் போல. வீட்டில் இருப்பது இரண்டே பேர், நுரைக்கிறவள் நானில்லை. அவனிடம் ஒரு சீசாவில் பிடித்து வாங்கினேன். ஒழுங்கான மனுஷருடையது எப்படியிருக்கும் என்று டாக்டர் ஒப்பிட்டுப் பார்க்கட்டுமென்று என்னுடையதையும் இன்னொரு சீசாவில் எடுத்துக்கொண்டு ஜெயபாலன் டாக்டரிடம் நடந்தே போனேன். இந்த மழையில் என் சப்பாத்து வேறு சுருங்கிப்போய்க் காலைக் கடித்தது. டாக்டர் இரண்டையும் கண்ணாடிக் குழாயில் ஊற்றிக் காய்ச்சினார். ஒன்று தண்ணீராகவே இருந்தது. மற்றது அவித்த முட்டையின் வெள்ளை போலத் திரிந்தது. சிறுநீரகம் கெட்டிருக்கிறது, இனி இறைச்சியும் உப்பும் அதற்குப் பாரம் என்றார். மேலும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். எது யாருடையது என்று எனக்கு எவரும் சொல்லத் தேவையில்லை. குடையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்றே ஆம்புரோஸுக்கு உப்பில்லாக் கஞ்சி வைத்தேன். "நான் நல்லாத்தான் இருக்கேன் அத்தே" என்று அழுகிறான், அந்தப் புஜத்தை வைத்துக்கொண்டு. சுவாமியாரிடம் போய், வருகிற ஞாயிறு பூசையில் அவனுடைய கல்யாண அறிவிப்பு ஓலையை வாசிக்கவேண்டாமென்று நிறுத்தியும் விட்டேன். கெட்ட சிறுநீரகத்தை ஒரு பெண்ணின் தலையில் கட்ட நம் குடும்பம் துணியாது. நீ உடனே வந்து அவனை அழைத்துப் போ. போகிற வழியில் பத்து காஜா ஊரில் இறங்கி இசபெல்லாவின் தாயாரிடம் விஷயத்தை நீயே சொல். பெற்றவன் நீதானே.

தேவமாதா உனக்கு நல்ல சுகத்தையும் கொஞ்சம் கண்டிப்பையும் தருவாளாக.

உன் அக்காள்
அகதா

பி.கு.: உறையை ஒட்டுமுன் ஜெயபாலன் டாக்டர் வீட்டுக்கே வந்துவிட்டார். திரிந்தது என் சீசாவாம். சப்பாத்து சுருங்கவில்லையாம், கால்தான் வீங்கியிருக்கிறதாம். மாட்டுச்சாறு டப்பாவைக் கையோடு எடுத்துக்கொண்டு போனார். நீ வரவேண்டாம், பத்து காஜாவிலும் இறங்கவேண்டாம். ஆம்புரோஸ் என்னைத் தூக்கி ரிக்‌ஷாவில் வைத்துச் சுவாமியாரிடம் அழைத்துப்போனான். ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிப்பார்கள். தூக்கும்போது அவன் கை ஆடவில்லை. அந்தப் புத்தகத்தைப் பற்றி என் அபிப்பிராயமும் ஆடவில்லை. டாக்டரும் முட்டையைப் பாதியாகக் குறைக்கச் சொல்லியிருக்கிறார். இப்போது உப்பில்லாக் கஞ்சி எனக்கு. அவன்தான் காய்ச்சுகிறான், அடிபிடிக்க விடுகிறான். இவ்விடம் உன் மகன் சுகம்.