சும்மா சொன்னவர்

நான் சொல்லப்போகும் ஆசாமிக்குக் கொம்பு கிடையாது, கோரைப்பல் கிடையாது. கையில் ஆயுதம் இருக்காது; பெரும்பாலும் ஒரு டம்ளர் காப்பி இருக்கும். நாலு பேர் கூடிய இடத்தில் ஒருவரை மட்டும் பொறுக்கியெடுத்து, அவர் சட்டை, நடை, தும்மல், சாப்பிடும் வேகம் எல்லாவற்றையும் மேலும் கீழும் அலசி, மற்றவர்களின் சிரிப்பை வசூல் செய்துகொண்டு, கடைசியில் "சும்மா சொன்னேன்" என்று கையைத் தட்டிவிட்டுப் போய்விடுவார். இவருக்குச் சும்மாக்காரர் என்று பெயர் வைத்திருக்கிறேன். உங்களுக்கு இந்நேரம் யார் முகமாவது ஞாபகம் வந்திருக்குமே?

இவரிடம் கோபித்துக்கொள்ள வழியில்லை. முகம் சுண்டினால், "அட, இதுக்கெல்லாமா கோவிச்சுக்குவீங்க?" சிரித்து வைத்தால், "பாருங்க, அவரே சிரிக்கிறாரு" என்று அடுத்ததற்குத் தயாராகிவிடுவார். பதிலுக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாமே என்கிறீர்களா? எங்கள் அலுவலக ஸ்டோர்கீப்பர் போட்டுப் பார்த்தார். சும்மாக்காரரின் மீசைக் கறுப்பைப் பற்றிப் பட்டும் படாமல் ஒரு வார்த்தை. அன்று மத்தியானம் சும்மாக்காரர் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டார். "பர்சனல் விஷயத்தையெல்லாம் பேசக் கூடாதுங்க" என்று எனக்கு அறிவுரை வேறு.

இந்தக் கலைக்கு ஆங்கிலத்தில் 'டீஸ்' என்று பெயர். அதன் பூர்வீகத்தை விசாரிக்க அகராதியைப் புரட்டினேன். ஆதியில் அது கம்பளித் தொழிலாம். சிக்குப் பிடித்த ஆட்டுமயிரை இழை இழையாகப் பிய்த்துப் பிரிக்கிற வேலை. பிற்பாடு ஆட்டை விட்டுவிட்டு ஆளைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே பிய்த்ததை நூற்க ஆள் இருந்தது, கடைசியில் ஒரு போர்வையாவது மிஞ்சியது. நம்மவர் பிய்ப்பதோடு சரி.

சும்மாக்காரரின் மனைவி ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவர். ஊருக்கு வெளியே திறக்கப்போகும் புதுக் கிளைக்கு அவரையே பொறுப்பாளராகப் போடுவதாகச் சொல்லியிருந்தார்கள். பஸ் போகாத இடம்; கார் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும். அம்மாள் விடியற்காலையில் எழுந்து, சமைத்து வைத்துவிட்டு, டிரைவிங் ஸ்கூலுக்கு ஓடினார். "இனிமே நான் பக்கத்துல உக்காந்து தூங்கலாம்மா" என்று மாஸ்டரே சொல்லுமளவுக்குத் தேறியும்விட்டார்.

லைசென்ஸ் பரீட்சைக்கு முதல் நாள் சாயங்காலம் நாங்கள் சிலர் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தோம். அம்மாள் சமையலறையில் காப்பி கலந்துகொண்டிருந்தார். சும்மாக்காரர் தொண்டையைச் செருமினார்.

"விஷயம் தெரியுமா? நாளைக்கு ரோட்டோரத்து மரத்துக்கெல்லாம் லீவு விட்டாச்சு. என் சம்சாரம் வண்டி எடுக்கறா."

சிரித்தோம். சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது. பிறகு மறுபடி கேட்டது. சும்மாக்காரருக்கு அவ்வளவு போதுமா? நாற்காலியில் உட்கார்ந்து, எவர்சில்வர் தட்டொன்றை ஸ்டியரிங்காகப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடி, நாற்காலியோடு பின்னாலேயே நகர்ந்து, சோபாவில் மோதி, செருப்பு ஸ்டாண்டைச் சாய்த்து, "ஐயையோ, யாரோ கத்தினாங்களே!" என்று அம்மாளின் குரலிலேயே அலறினார். எங்களில் ஒருவருக்குப் புரையேறிவிட்டது. காப்பியோடு வந்து நின்ற அம்மாளும் சிரித்தார். வேறென்ன செய்வார்?

மறுநாள் நடந்ததை டிரைவிங் மாஸ்டர்தான் பிற்பாடு சொன்னார். நேராக ஓட்டியதில் பிசகில்லை, வளைவில் பிசகில்லை. "ரிவர்ஸ் எடுங்கம்மா" என்றாராம் அதிகாரி. அம்மாள் கியரை மாற்றினார், கண்ணாடியைப் பார்த்தார். பிரேக்கிலிருந்து கால் எழும்பவே இல்லை. வண்டியை அணைத்து, இறங்கி, கதவை மெதுவாகச் சாத்திவிட்டு நடந்துவிட்டார். புதுக் கிளைக்கு வேறொருவர் போனார்.

"நான் சும்மாதானே சொன்னேன்?" என்றார் சும்மாக்காரர். நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். எனக்கு அதுதான் எரிச்சல்.

அடுத்த தடவை போயிருந்தபோது, விவரம் தெரியாத ஒருவர், "என்ன அண்ணி, டிரைவிங் எந்த மட்டுல இருக்கு?" என்று கேட்டுவிட்டார். கணவர் வாயைத் திறப்பதற்குள் அம்மாள் முந்திக்கொண்டார்.

"அதை விட்டாச்சுங்க. மரத்துக்கெல்லாம் லீவு கேன்சல்."

எல்லோரும் சிரித்தார்கள். சும்மாக்காரர் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். அது அவருடைய ஜோக் அல்லவா?

உங்களை இந்த இனத்தில் சேர்க்க எனக்கு மனசு வரவில்லை. நீங்கள் தட்டைப் பிடித்துக்கொண்டு யாரையும் நடித்துக் காட்டியதில்லை என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் சும்மாக்காரர் தனியாக இருக்கையில் பரம சாது. சிரிக்க ஆள் கிடைத்தால்தான் தொழில். கொஞ்சம் முன்னால் மரத்துக்கெல்லாம் லீவு விட்டாரே, அப்போது உங்கள் உதடு லேசாக விரிந்ததா, இல்லையா? கரண்டிச் சத்தம் நின்றது காதில் விழுந்ததா?

சும்மாதான் கேட்டேன்.