நாலு வரிசைக் குழியும் ஒரு எலுமிச்சம்பழமும்

பால் தண்ணியாக இருந்தால் யாரும் சந்தேகப்படுவார்கள். கெட்டியாக இருந்தாலும் சந்தேகப்படுகிறவர் எங்கள் அப்பா. "இதுல இன்னா கலந்தான்?" என்று டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். அவர் எனக்கு விட்டுப்போன சொத்து அந்தப் பார்வை ஒன்றுதான். (வீடு அம்மா பேரில்.)

திருவண்ணாமலை செங்கம் சாலையை ஒட்டிய தெருவில் இருக்கும் அந்த வீட்டின் மாடி அறையை வெளியூர்க்காரர்களுக்கு வாடகைக்கு விடுவோம். பெரும்பாலும் மொட்டை மாடியில் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பவர்கள் வருவார்கள். அவர்கள் மேல் எனக்குச் சந்தேகம் கிடையாது. கண்ணை மூடியிருக்கிறவர் என்ன செய்துவிட முடியும்?

தான்சானியாவிலிருந்து வந்த இமானி என்ற பள்ளி ஆசிரியை கண்ணை மூடவில்லை. எல்லாவற்றையும் பார்த்தார், பார்த்ததற்கெல்லாம் சிரித்தார். வாடகையும் கொடுத்துவிட்டுச் சிரிக்கவும் செய்கிற ஒருவரை நான் அதுவரை பார்த்ததில்லை. பின்தொடர்ந்தேன்.

நேராக நாட்டு மருந்துக் கடைக்குப் போய் ஒரு பை நிறையக் கழற்சிக்காய், சாம்பல் நிறக் கோலிக்குண்டு மாதிரி இருக்குமே அது, வாங்கினார். திரும்பினால் நான் நிற்கிறேன். உள்ளங்கையில் ஒரு காயை வைத்து நீட்டி, "எங்கள் ஊர்க் கடற்கரையிலும் இதேதான் கிடக்கும்!" என்று ஆங்கிலத்தில் பூரித்தார். அங்கேயும் இதே காயா? யாரிடம் கதை விடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டொரு நாளில் எங்கள் கொல்லையில், முருங்கை மரத்தடியில், நாலு வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள் முளைத்தன. ஒவ்வொன்றிலும் காய்கள். இமானி தன்னந்தனியாக அவற்றின் முன்னால் உட்கார்ந்து, குழிக்குக் குழி காயை மாற்றிப் போட்டு, வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தார்.

செல்போன் கடை வைத்திருக்கும் என் நண்பன் பாஸ்கரிடம் ஓடினேன்.

"டேய், இது செய்வினைடா. நாலு வரிசைன்னா நாலு திசைக்கும் கட்டு போட்டுட்டாங்கன்னு அர்த்தம்" என்றான். (சிம் கார்டு விற்கிறவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று அன்றைக்கு மட்டும் எனக்குச் சந்தேகம் வரவில்லை.)

நம்பிவிட்டேன். காரணம், தங்கை சுமதி. வந்த இரண்டு வரன் தட்டிப்போயிருந்தது. கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்த மூன்றாவது மாப்பிள்ளையின் போட்டோவைப் பார்த்துத்தான் முதன்முறையாக, "இவருன்னா சரிண்ணா" என்றிருந்தாள். "இதுவும் போச்சுன்னா இனிமே யார் முன்னாடியும் வந்து நிக்க மாட்டேன்" என்றும் சொல்லியிருந்தாள். அவர்கள் பெண் பார்க்க வருவது ஞாயிற்றுக்கிழமை.

அன்று காலை இமானி கிரிவலம் கிளம்பியதும் செயலில் இறங்கினேன். பாஸ்கர் சொன்ன முறைப்படி காய்களோடு குழிகளை மூடி, தண்ணீர் தெளித்து, எலுமிச்சம்பழங்களை வெட்டிக் குங்குமம் தடவி மூலைக்கு ஒன்றாகப் புதைத்து, மேலே மண்ணைத் தூவினேன். வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றபோது ஊரையே காப்பாற்றிய நினைப்பு எனக்கு.

வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா கால் கழுவக் கொல்லைப்பக்கம் போனார். ஈர மண்ணில் கால் பொதக்கென்று இறங்கியது. வெளியே எடுத்தால் விரலிடுக்கில் குங்குமம் வழிய அரை எலுமிச்சம்பழம்.

"ஐயையோ! எம்புள்ளய மடக்கறதுக்கு மருந்து வச்சிருக்காங்க!"

மாப்பிள்ளை கையிலிருந்த பஜ்ஜி அப்படியே நின்றது. அவர் அப்பா செருப்பைத் தேட ஆரம்பித்தார்.

நான் பாய்ந்து போய், "நாங்க வைக்கலைங்க, வச்சத எடுக்கத்தாங்க இதை வச்சோம்!" என்றேன்.

"அப்போ ஏற்கெனவே இன்னொண்ணு வேற இருக்குதா?" என்று அந்தம்மா இன்னொரு காலையும் தூக்கினார்.

சமையலறை வாசலில் காபித் தட்டோடு சுமதி வந்து நின்றாள். அவள் யாரையும் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். பூமி பிளந்து என்னை உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்றிருந்தது.

அந்த நேரம் பார்த்துப் பின்வாசல் வழியாக இமானி வந்தார். மூடிய மண்ணைப் பார்த்து முகம் வாடி ஏதோ கேட்டார். மாப்பிள்ளைதான் தன் அம்மாவுக்கு மொழிபெயர்த்தார்.

"அவங்க விளையாட்டை யார் மூடினதுன்னு கேக்கறாங்கம்மா."

இமானி மண்ணைக் கிளறி ஒரு கழற்சிக்காயை எடுத்து, துடைத்து, அந்தம்மாவிடம் நீட்டினார். அந்தம்மா அதை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார். திடீரென்று துணி துவைக்கும் கல்லில் பரபரவென்று தேய்த்து இமானியின் கையில் வைத்தார். தேய்த்த சூட்டில் சுரீர் என்று சுட்டிருக்க வேண்டும். இமானி "ஆ!" என்று துள்ளி, இன்னொரு காயைத் தோண்டி, அதே கல்லில் தேய்த்து, அந்தம்மாவின் கையில் வைத்தார். இரண்டு பேரும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளாகச் சிரித்தார்கள்.

இமானி மண்ணில் விரலால் நாலு வரிசை வட்டம் போட்டுக் காட்ட, அந்தம்மா மகன் பக்கம் திரும்பினார். "இது பல்லாங்குழிடா! ஆனா நாலு வரிசை எதுக்கு? எங்கூர்ல ரெண்டுதானே?"

மகன் கேட்டுச் சொன்னார். "அங்க நாலுதானாம். மீதி ரெண்டை வழியிலயே தொலைச்சிட்டீங்களான்னு கேக்கறாங்க."

"தொலைக்கல, கம்மி பண்ணி ஆடறோம்னு சொல்லு. நீ இன்னா தம்பி நிக்கற? மூடினவன்தானே தோண்டணும்?"

தோண்டினேன். வெள்ளைச் சட்டையோடு, மண்டிபோட்டு, சம்பந்தி வீட்டார் முன்னிலையில், கடைசிக் காய் வரைக்கும்.

ஆட்டம் தொடங்கியது. "ஒரு காய் ஜாஸ்தி போட்டா! நான் பார்த்தேன்!" என்று அந்தம்மா இமானியின் விரலையே முறைத்துக்கொண்டிருந்தார். இமானியும் அவர் முந்தானையை உதறிக் காட்டச் சொன்னார். எங்கள் அப்பாவுக்கு ஜோடியான பார்வை கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருப்பதை அன்றுதான் கண்டேன். மொழிபெயர்க்க மாப்பிள்ளை, பஞ்சாயத்துக்குச் சுமதி. நடுவே அவர்கள் இருவரும் பேசிக்கொண்டது எதுவும் ஆட்டத்தைப் பற்றியதாக எனக்குத் தோன்றவில்லை.

தோற்றுப்போய் எழுந்த அந்தம்மா எங்கள் அம்மாவிடம், "பொண்ணு புடிச்சிருக்கு. வர ஞாயித்துக்கிழமையே தட்டு மாத்திக்கலாம். அதுக்குள்ள இவங்கள ஊருக்கு அனுப்பிடாதீங்க, இன்னொரு ஆட்டம் இருக்குது" என்றார்.

இன்றும் அந்தம்மாவும் இமானியும் வீடியோ காலில் ஆடுகிறார்கள், ஒருவரையொருவர் சந்தேகப்பட்டபடி. நான் கீழ்பென்னாத்தூர் போனால் சுமதி கொண்டுவரும் காபித் தட்டில், குங்குமம் தடவிய அரை எலுமிச்சம்பழம் தவறாமல் இருக்கும். அவள் மகளுக்கு நான் எலுமிச்சம்பழ மாமா.

எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். ஆனால் மீதி அரைப் பழம் எங்கே என்று தெரியாமல் அந்தக் காபியை நான் குடித்ததில்லை.