தவளை மீனுக்குப் பந்தித் துணை

மீனைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்று வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் சொல்லியிருக்கிறேன். இன்னொரு தடவை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சொன்னது என் மேனேஜரிடம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஓசூரில், வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில், இன்ஸ்பெக்ஷனில் டிரெய்னியாக இருந்தேன். வருகிற பெட்டியைப் பிரித்து, எண்ணி, அளந்து, சரியாக இருந்தால் பச்சை அட்டை, இல்லாவிட்டால் சிவப்பு அட்டை கட்டுவது என் வேலை. எனக்கு எந்த அட்டை என்பது இன்னும் முடிவாகவில்லை. இன்னும் ஒரு மாதத்தில் டிரெய்னிங் முடிகிறது. அதற்குப் பிறகு பர்மனென்ட்டா, ஊருக்கு பஸ்ஸா என்பது மேனேஜர் போடப்போகும் ஒரு கையெழுத்தில் இருந்தது. இந்த லட்சணத்தில் நான் கல்யாணம் வேறு செய்துகொண்டிருந்தேன். (அவசரம்தான். என்ன செய்ய?) பெண் பார்க்கப் போனபோது மாமனாரிடம், "பர்மனென்ட் ஆன மாதிரிதாங்க" என்று சொல்லி வைத்திருந்தேன். அவர் "பர்மனென்ட்" வரைக்கும்தான் காதில் வாங்கினார்.

மேனேஜர் ஜெபராஜ் சார் தூத்துக்குடிக்காரர். ஊரே கொண்டாடும் ஓசூர்க் குளிரை அவருக்குப் பிடிக்காது. "கடல் இல்லாத ஊர்ல மனுசன் எப்படிடே மூச்சு விடுதான்?" என்பார். அதற்காகத் தன் வீட்டிலேயே ஒரு கடல் வைத்திருந்தார். மூன்றடிக் கண்ணாடித் தொட்டி. சென்னைக்குச் சரக்கு ஏற்றிப் போகும் லாரி திரும்பும்போது டிரம்மில் கடல் தண்ணீர் ஏற்றி வரும். தொட்டிக்குள் மூன்று மீன்கள். கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சின்ன மீன்கள் இரண்டு, தவளை மீன் ஒன்று. அந்த இரண்டுக்கும் இந்த ஒன்றுக்கும் நடுவில், துளைகள் போட்ட ஒரு கண்ணாடித் தடுப்பு.

ஒருநாள் கேன்டீனில் சாப்பிடும்போது, வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கப்போவதாகச் சொன்னார். அந்த வாசம் மீனுக்கு ஆகாதாம். மூன்று வாரம் தொட்டியை யார் வீட்டிலாவது வைக்க வேண்டும், அவரும் அந்த மூன்று வாரம் புனேயில் இருப்பார்.

"யாருக்காவது மீன் வளர்த்த பழக்கம் உண்டா?"

சுற்றி இருந்த பத்துப் பேரும் அவரவர் தட்டைப் பார்த்தார்கள். நான் எழுந்து நின்றேன்.

"எனக்கு மீனைப் பத்தி எல்லாம் தெரியும் சார்."

"நீ எந்த ஊருடே?"

"ஊத்தங்கரைங்க சார்."

ஊத்தங்கரையிலிருந்து எந்தப் பக்கம் நடந்தாலும் கடல் வருவதற்குள் இரண்டு ஜோடி செருப்பு தேய்ந்துவிடும். அவருக்கும் அது தெரியும். என்னை மேலும் கீழும் பார்த்தார். ஆனால் வேறு யாரும் கை தூக்கவில்லை.

மறுநாளே மெட்டாடர் வேனில் தொட்டி, இரும்பு ஸ்டாண்டு, காற்று விடும் மோட்டார், தண்ணீர் டிரம் எல்லாம் எங்கள் ஒற்றை அறை வீட்டுக்கு வந்து இறங்கின. கம்பெனி வழக்கப்படி சார் ஒரு சீட்டும் எழுதியிருந்தார். கோடு மீன் இரண்டு, தவளை மீன் ஒன்று, மூன்றும் நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன் என்று அதில் கையெழுத்துப் போட்டேன். சீட்டின் கீழே விதிகள். தண்ணீர் வற்றினால் நல்ல தண்ணீர் மட்டும் ஊற்று, உப்பு அப்படியேதான் இருக்கும். தவளை மீனுக்கு மூன்று நாளைக்கு ஒரு மீன் குஞ்சு போதும். அதைத் தண்ணீருக்கு வெளியே எடுக்காதே. நடுக்கண்ணாடியைத் தொடாதே. கடைசி விதியின் அடியில் இரண்டு கோடு வேறு போட்டிருந்தார்.

என் மனைவி விஜயா தவளை மீனைத் தேடினாள். கிடைக்கவில்லை. "இன்னாங்க, ரெண்டுதான இருக்குது?" என்றாள். காட்டிய பிறகும் நம்பவில்லை. அவளைச் சொல்லிக் குற்றமில்லை. மீன் என்றால் நீந்த வேண்டும். இது கல்லோடு கல்லாக, இரண்டு துடுப்பையும் கைபோல ஊன்றி உட்கார்ந்திருந்தது. உடம்பெல்லாம் மரு. நிறம் பழைய பூசணிக்காய். வாயோ, சீர்வரிசையில் ஏதோ குறைந்துவிட்ட சம்பந்தியின் வாய். நெற்றியில் மட்டும் ஒரு முடி, அதன் நுனியில் புழு மாதிரி ஒரு சதைத் துணுக்கு.

வீட்டுக்காரம்மா முனிரத்னம்மா வந்து பார்த்தார். வீட்டில் தெலுங்கு, வாடகைக்காரர்களிடம் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். ஒரு பேச்சு விட்டாரென்றால் லைன் வீடு ஐந்துக்கும் ஒரு வாரத்துக்குப் போதும். கண்ணாடியில் மூக்கை ஒட்டி வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் பார்த்தார். "கல்லுக்கு கரண்டு செலவு பண்றவன் ஓசூர்லயே நீ ஒருத்தன்தாம்பா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

விஜயாவுக்கு மீன்கள் வந்தது ஒருவகையில் நல்லதாகப் போயிற்று. சிங்காரப்பேட்டையில் அவள் வீட்டில் பதினோரு பேர் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். இங்கே ஒரு பக்கத்து வீட்டில் கன்னடம், மறுபக்கத்தில் தெலுங்கு. இரண்டுக்கும் நடுவில் அவள் தமிழோடு தனியாக இருந்தாள். நான் ஷிஃப்ட் முடிந்து வரும்வரை சாப்பிட மாட்டாள். திட்டினால், "ஒத்தையில சாப்ட்டா தொண்டையில எறங்க மாட்டேங்குதுங்க" என்பாள். இப்போது மீன்களோடு பேச ஆரம்பித்தாள். கோடு மீன்கள் இரண்டும் அவள் விரலின் பின்னாலேயே ஓடின. தவளை மீன் பதில் சொல்லவில்லை.

பதில் சொல்லாதது பரவாயில்லை. சாப்பிடவும் இல்லை. மூன்றாம் நாள் ஏரியில் துண்டை விரித்து, முழங்கால் சேற்றில் நின்று, கெண்டைக் குஞ்சு பிடித்து வந்து அதன் முன்னால் விட்டேன். பார்க்கக்கூட இல்லை. ஆறாம் நாளும் அப்படியே. ஒன்பதாம் நாள் நான் வேர்த்துப்போய் நின்றேன். இது செத்தால் என் கையெழுத்தும் சாகும். புனேக்குப் போன் போட்டுக் கேட்கலாம்தான். எல்லாம் தெரிந்தவன் எப்படிக் கேட்பது?

அன்று ஞாயிற்றுக்கிழமை காலை. விஜயா தொட்டி முன்னால் உட்கார்ந்து மீனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, அதுக்கு ஒடம்புக்கு ஒண்ணும் இல்லீங்க. மனசுதான் சரியில்ல."

"மீனுக்கு ஏது மனசு?"

"அந்தப் பக்கம் ரெண்டும் ஒண்ணா ஓடுது, ஒண்ணா திங்குது. இது மட்டும் சொவத்துக்கு இந்தப் பக்கம் ஒத்தையில கெடந்தா எப்பிடிங்க சோறு எறங்கும்? எங்கப்பாவும் சித்தப்பாவும் பாகம் பிரிச்சு நடுவூட்டுல சொவரு வச்சப்ப, எங்க சித்தப்பா ஒரு மாசம் சரியா சாப்பிடலீங்க."

நான் சிரித்திருக்க வேண்டும். சிரிக்கவில்லை. ஒன்பது நாள் பயத்தில் இருப்பவனுக்கு எது சொன்னாலும் ஞானமாகப் படும். அதுவும் நான் மீனைப் பற்றி எல்லாம் தெரிந்தவன். விதி நான்கை இன்னொரு தடவை படித்தேன். இந்த மேனேஜர்களுக்கு இயந்திரம் தெரியும், உயிர் தெரியாது என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். (இதை எழுதும்போதே எனக்குக் காது சுடுகிறது.) சட்டைக் கையை மடித்துக்கொண்டு கண்ணாடித் தடுப்பைத் தூக்கி எடுத்தேன். எடுத்தது என் கைதான். விஜயா மேல் பழி போட மாட்டேன்.

கோடு மீன்கள் இரண்டும் முதலில் ஓரமாகவே நின்றன. அப்போது அந்த அதிசயம் நடந்தது. ஒன்பது நாளாக அசையாத தவளை மீன், நெற்றியில் இருந்த முடியை நிமிர்த்தி, நுனியில் இருந்த துணுக்கை மெதுவாக ஆட்டியது. இப்படி ஒரு ஆட்டு, அப்படி ஒரு ஆட்டு.

"அய்யோ, கூப்புடுதுங்க!" விஜயா கைதட்டினாள். "பாருங்க, வாங்க வாங்கன்னு கூப்புடுது!"

நானும் கைதட்டினேன். ஒரு கோடு மீன் ஆசையாகப் பக்கத்தில் வந்தது. விஜயா என் பக்கம் திரும்பி, "நான் சொன்னன்ல?" என்றாள். நான் அவள் பக்கம் திரும்பி, "நீ சொன்ன" என்றேன். இருவரும் மறுபடி தொட்டியைப் பார்த்தோம்.

ஒரு கோடு மீன்தான் இருந்தது.

"இன்னொண்ணு எங்கங்க?"

எண்ணுவது என் தொழில். எண்ணினேன். ஒன்று. கல்லுக்குப் பின்னால் பார்த்தேன், மோட்டார்க் குழாய்க்குள் பார்த்தேன், எகிறிக் குதித்திருக்குமோ என்று தரையில் மண்டியிட்டுக் கட்டிலுக்கு அடியில் தேடினேன். தவளை மீன் இருந்த இடத்திலேயே, அதே சம்பந்தி முகத்தோடு இருந்தது. சத்தம் கேட்டு வந்த முனிரத்னம்மா தொட்டியைப் பார்த்தவர், வாயில் கையை வைத்துக்கொண்டார்.

"அய்யய்யோ, மிங்கேசிந்தி!"

விழுங்கிவிட்டது என்று அர்த்தம். அது புரிய எனக்குத் தெலுங்கு தேவைப்படவில்லை. கட்டிலுக்கு அடியிலிருந்து தலையைத் தூக்கியபோது, இரண்டாவது கோடு மீனின் வால் மட்டும் தவளை மீனின் வாயோரம் வெற்றிலைக் காம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் உள்ளே போனது. எங்கள் மூவரில் ஒருவரும் அது வாயைத் திறந்ததைப் பார்க்கவில்லை. அவ்வளவு வேகம்!

"சாப்பிடாம கெடந்துச்சுன்னு சொன்னீங்க. இப்ப சாப்ட்டுச்சு. சந்தோசம்தானா?" என்று கேட்டுவிட்டு முனிரத்னம்மா லைன் வீடுகளுக்குச் செய்தி சொல்லப் போனார்.

விஜயா இரண்டு நாள் தொட்டிப் பக்கமே வரவில்லை. "நான்தான அதுங்களக் கூப்புட வச்சேன்" என்று அழுதாள். நான் அந்த நேரத்தில் கதை தயாரித்துக்கொண்டிருந்தேன். கோடு மீன்கள் குதித்துவிட்டன, பூனை வந்தது, குளிர் தாங்கவில்லை. மூன்றையும் மனப்பாடம் செய்தேன். சந்தர்ப்பத்துக்கு ஏற்றதை எடுத்துவிடலாம்.

சார் புனேயிலிருந்து நேராக வந்தார், ஒரு ஞாயிறு மதியம். வேன் வாசலில் நின்றது. உள்ளே வந்தவர் முதலில் தொட்டியைப் பார்த்தார். பிறகு சீட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மூணு எங்கடே?"

நான் மூன்று கதையையும் ஒரே நேரத்தில் தொடங்கினேன். "சார், பூனை... குளிர்ல... குதிச்சு..."

"பூனை குளிர்ல குதிச்சுதா?"

விஜயா முன்னால் வந்தாள். அதுவரை அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. "அண்ணா, பொய்ங்கண்ணா. கண்ணாடிய எடுக்கச் சொன்னது நான்தான். அது ஒம்போது நாளா ஒத்தையில சாப்பிடாம கெடந்துச்சு. தொணைக்கு ஆளிருந்தா சாப்புடும்னு நெனச்சேன்."

"அது ஊர் மாத்துனா பத்து நாளு, பதினஞ்சு நாளு அப்படித்தாம்மா கெடக்கும். அதுக்கு ஒண்ணும் ஆகாது." குனிந்து தவளை மீனை ஒரு தடவை பார்த்தார். "சரி, சாப்பிட்டுச்சா?"

"சாப்ட்டுச்சுங்கண்ணா."

"ரெண்டையுமா?"

"ரெண்டையுங்கண்ணா." அவளுக்கு மறுபடி கண் கலங்கிவிட்டது.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்றுதான் நான் நினைத்தேன். ஒரு ஆண் அழுது பார்க்க எனக்குத் தெம்பில்லை, சுவரைப் பார்த்தேன். பிறகுதான் அது சிரிப்பு என்று தெரிந்தது. விஜயா அதைப் பார்த்துத் துணிந்து, "சாப்பாடு ஆயிருச்சு, எங்களோட ஒக்காந்து சாப்ட்டுட்டுப் போங்கண்ணா" என்றாள்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "சாப்பிடவா கூப்பிடுத, இல்ல துணைக்காம்மா? துணைக்குன்னா நான் வரலை."

சாப்பிட்டார். ரசம் இரண்டு தடவை வாங்கிக்கொண்டார். நான் ஷிஃப்ட் முடிந்து வரும்வரை விஜயா சாப்பிடுவதில்லை என்பதையும் பேச்சுவாக்கில் கேட்டுக்கொண்டார். எனக்குப் போன உயிர் வந்தது. கையெழுத்து விழுந்த மாதிரிதான் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை கூப்பிட்டு ஒரு கடிதம் கொடுத்தார். டிரெய்னிங் ஆறு மாதம் நீட்டிப்பு.

"சார், நேத்து சிரிச்சீங்களே?"

"சிரிச்சது வீட்டுலடே. எழுதிக் கொடுத்த விதியை, எனக்குத் தெரியாததான்னு மீறுனவன் கையில நான் எப்படி பிரேக் பார்ட்டைச் சோதிக்கக் கொடுப்பேன்? அது போக, பொய் வேற சொல்லுத." பிறகு இன்னொரு தாளை நீட்டினார். அன்றிலிருந்து எனக்கு ஜெனரல் ஷிஃப்ட், காலையில் போனால் சாயங்காலம் வீடு. "அந்தப் பிள்ளை நேரத்துக்குச் சாப்பிடட்டும்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

அந்த ஆறு மாதமும் இன்ஸ்பெக்ஷன் சீட்டில் இருந்த ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படித்தேன். மாமனாருக்கு நானே போய்ச் சொன்னேன். அவர் நெடுநேரம் யோசித்துவிட்டு, "மீனா?" என்று மட்டும் கேட்டார். ஏழாவது மாதம் பர்மனென்ட் ஆனேன். முப்பது வருஷம் அங்கேயே இருந்து ஓய்வும் பெற்றுவிட்டேன்.

இப்போதும் எங்கள் வீட்டில் விஜயா யாரையாவது சாப்பிடக் கூப்பிட்டால், பிள்ளைகளில் ஒன்று உள்ளிருந்து, "சாப்பிடவா, துணைக்கா?" என்று கத்தும். போன பொங்கலுக்குப் புது மருமகன் முதல் தடவையாக வந்தார். கூச்ச சுபாவம், கேட்டால்தான் பேசுவார். விஜயா இலை போட்டுவிட்டு, "வாங்க மாப்பிள்ள, சாப்புடலாம்" என்றாள். மனுஷன் எழுந்து, இலை வரை வந்து, நின்றார்.

"துணைக்குன்னா வரலைங்க அத்தை" என்றார், மிகவும் மரியாதையாக.

விஜயா கரண்டியோடு என் பக்கம் திரும்பி முறைத்தாள். சத்தியமாக நான் சொல்லவில்லை. மகள்தான் சொல்லியிருக்க வேண்டும்.