நிருபம் லாஹிரியின் மூன்று கோணங்கள்

சிக்கல்வாதி என்று ஓர் இனம் உண்டு. எங்கள் கல்கத்தாவில் மீனுக்கு அடுத்தபடியாகத் தாராளமாகக் கிடைப்பது அதுதான். மின்சாரம் போனால் மற்றவர்கள் மெழுகுவத்தியைத் தேடுவார்கள். சிக்கல்வாதி இருட்டின் வரலாற்றைத் தேடுவார். கல்யாணம் முறிந்தாலும், குழாயில் தண்ணீர் வராவிட்டாலும், வாங்கிய மீனில் சினை இல்லாவிட்டாலும், தேநீரைக் கீழே வைத்துவிட்டு, "அது அவ்வளவு லேசுல்ல" என்பார். லேசாக இருந்துவிட்டால் எங்கள் கதி என்ன ஆவது? ஆமாம், எங்கள் கதிதான். இந்தச் சித்திரத்துக்கே நான் எழுதிய நீண்ட முன்னுரையை வீட்டில் கிழித்துப் போட்டுவிட்டார்கள்.

சமூகவியல் பேராசிரியர் நிருபம் லாஹிரி இந்த இனத்தின் முழு வளர்ச்சி. அவருடைய தாயார் ஆஸ்பத்திரியில் கண்ணை மூடியபோது, அவர் டில்லியில் முதியோரின் தனிமையைப் பற்றிக் கட்டுரை வாசித்துக்கொண்டிருந்தார். நல்ல கைதட்டல். அன்றோடு தங்கை கஜோரி பேச்சை நிறுத்தினாள். காளி பூஜை முடிந்ததும் சகோதரிகள் பட்டினி கிடந்து உடன்பிறந்தவன் நெற்றியில் சந்தனம் வைக்கும் பாய்ஃபோட்டா நாளில், அவர் நெற்றி வருடா வருடம் வெறுமையாகவே இருந்தது. அதற்குள் உடன்பிறந்தார் பிணக்கைப் பற்றித் தடியாக ஒரு புத்தகம் எழுதிவிட்டார். தங்கைக்கு மட்டும் போன் செய்யவில்லை.

இந்த வருடம் அவளே கூப்பிட்டாள்.

'தப்புதான், மன்னிச்சுக்கோ' என்று அவள் வீட்டு மாடிப்படி முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டே ஏறினார். பலகையில் உட்கார்ந்தார். விளக்கு எரிந்தது. சந்தனம் தோய்ந்த சுண்டுவிரல் நெற்றிக்கருகே வந்து நின்றது.

"முதல்ல சொல்லு அண்ணா. அன்னிக்கு ஏன் வரல?"

சிக்கல்வாதி தொண்டையைச் செருமினார். "இத மூணு கோணத்துல பாக்கணும், கஜோரி."

நடுத்தர வர்க்கக் குடும்பத்தின் அமைப்பில் தொடங்கி, ஆண்பிள்ளைகளை இந்த ஊர் வளர்க்கும் விதத்துக்கு வருவதற்குள் விரலில் சந்தனம் காய்ந்து உதிர்ந்தது.

"காலையிலேர்ந்து பச்சத்தண்ணி பல்லுல படல. ஊர யாரு கேட்டா? நீ ஏன் வரல?"

அவர் மூன்றாவது கோணத்தை விட்டுவிட்டார்.

"பயமா இருந்துச்சு," என்றார். "அம்மாவ அப்படிப் பாக்க."

"எனக்கு மட்டும் இல்லியா?"

கஜோரி விரலை மறுபடி சந்தனத்தில் தோய்த்தாள். பொட்டு கோணலாக விழுந்தது.

லூச்சிப் பூரி தட்டுக்கு வந்ததும் அவர், "ஆனா பயம்ங்கறதும் அவ்வளவு லேசுல்ல" என்று ஆரம்பித்தார். அவள் முழு சந்தேஷ் இனிப்பு ஒன்றை அந்த வாயில் அடைத்தாள்.

சிரிக்கிறீர்களா? 'வங்காளிகளே இப்படித்தான், காரணம் என்னவென்றால்' என்று மனசுக்குள் தொடங்கிவிட்டீர்களே, அங்கேயே நில்லுங்கள். இப்போதுதான் உங்கள் வீட்டில் யாரோ உங்களை ஏதோ கேட்டார்கள். என்ன கேட்டார்கள்?